உண்மையான மந்திரம் தெரிந்தவர் மேடையில் ஏன் வித்தை காட்ட வேண்டும்?

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் மந்திரவாதிகளான மாண்ட்ரேக், ஸடாரா ஆகிய இருவரின் கதைகளையும் அடுத்தடுத்துப் படித்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இவர்களுக்கு உண்மையிலேயே மந்திர சக்தி இருக்கிறது என்றால், எதற்காக வால்கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்துகொண்டு மேடையேறி, கட்டணம் செலுத்தி வந்தவர்கள் முன்னால் வித்தை காட்டுகிறார்கள்? கதை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்களா?" ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் இதனுள் இரண்டு இருக்கின்றன. மேடை வித்தைக்காரர் சித்திரக்கதைக்குள் நுழைந்தபோது மெய்யான சக்தி அவருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒன்று. அப்படிச் சக்தி வந்த பிறகும் அவர் ஏன் மேடையை விட்டு இறங்கவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நான் சொல்லப்போவது என் கருத்து மட்டுமே. நான் 25 ஆண்டுகளாக மேடையில் செப்பிடுவித்தை செய்து வருகிறேன். காமிக்ஸ் வரலாற்றை முறையாகப் பயின்றவன் அல்லன், சிறுவயதிலிருந்து விடாமல் படித்து வருபவன். இந்தப் பதிலை அந்த அளவுகோலில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

ஐயத்திற்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லீ ஃபால்க் எழுதிய மாண்ட்ரேக் அமெரிக்க நாளிதழ்களில் 1934 ஜூன் 11 அன்று தொடங்கியது. ஃபில் டேவிஸ் 1964இல் இறக்கும்வரை அதற்குப் படம் வரைந்தார். அவருக்குப் பின் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் அந்தப் பணியை ஏற்றார். ஃபால்க் 1999இல் மறையும்வரை கதை எழுதிக்கொண்டிருந்தார். தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் நாம் படித்த முகமூடி வீரரை அதே ஃபால்க் படைத்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். ஃபிரெட் கார்டினீர் படைத்த ஸடாரா, 1938 ஜூன் மாதத் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகமானார். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியதும் அதே இதழில்தான் என்பதால், அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஸடாராவை நினைப்பதே இல்லை. 1941இல் ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ் 26ஆம் இதழில் சார்கன் என்ற மற்றொரு மந்திரவாதி வந்தார். ஸடாராவின் மகள் ஸடானா, கார்டனர் ஃபாக்ஸ் எழுதி மர்ஃபி ஆண்டர்சன் வரைந்த ஹாக்மேன் நான்காம் இதழில், 1964இல் வந்தார். இவர்களில் முதல் சூப்பர்ஹீரோ யார் என்ற சண்டை இன்றும் நடக்கிறது. சூப்பர்மேனுக்கு நான்கு ஆண்டுகள் மூத்தவர் என்பதால் மாண்ட்ரேக்கிற்கு அந்தப் பட்டத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்கு நாம் கொள்ளும் வரையறையைப் பொறுத்து விடையும் மாறுகிற விவாதம் அது; இங்கே அதற்குள் போகத் தேவையில்லை.

1930களின் அமெரிக்க வாசகருக்கு மேடை வித்தைக்காரர் என்பவர் கண்ணால் பார்த்துப் பழகிய மனிதர். ஹூடினி 1926 அக்டோபர் 31 அன்று இறந்திருந்தாலும் அவர் பெயர் எல்லோருடைய வாயிலும் இருந்தது. ஹோவர்ட் தர்ஸ்டன் 1936இல் இறந்தார். ஹாரி பிளாக்ஸ்டோன் அதற்குப் பின்னும் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தார். இந்த மனிதர்களின் சுவரொட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கெல்லர், தர்ஸ்டன் ஆகியோரின் வண்ண லித்தோ சுவரொட்டிகளில் சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் வித்தைக்காரரின் தோளில் உட்கார்ந்து காதில் ரகசியம் சொல்லும்; ஆவிகள் புகைபோல் எழுந்து அரங்கைச் சூழ்ந்து நிற்கும். மேடையில் நடந்ததோ கண்ணாடி, நூல், மறைவறை, பல ஆண்டுப் பயிற்சி ஆகியவற்றின் விளைவு. ஆனால் வெளியே சுவரில் ஒட்டியிருந்த படம் அதை முழு மந்திரமாகவே காட்டியது. மேடையால் செய்ய முடியாததை ஓவியம் ஏற்கனவே செய்துகொண்டிருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். காமிக்ஸ் மந்திரவாதி மேடையிலிருந்து இறங்கி வந்தவர் அல்லர், அந்தச் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவர் என்பதே என் ஊகம். இரு உலகங்களுக்கும் இடையே ஆட்கள் போய்வந்துகொண்டும் இருந்தார்கள். ஹூடினி, தர்ஸ்டன், பிளாக்ஸ்டோன் ஆகிய மூவருக்கும் மறைமுகமாக எழுதிக் கொடுத்த வால்டர் கிப்சன், தாமே ஒரு வித்தைக்காரர்; 1931 முதல் தி ஷாடோ என்ற மர்ம நாயகனின் கதைகளை எழுதிக் குவித்தவரும் அவரே.

இனி என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. செப்பிடுவித்தையைக் காகிதத்தில் செய்யவே முடியாது. நான் ஒரு நாணயத்தை உள்ளங்கையில் மறைக்கும்போது, எதிரே இருப்பவருக்கு அது வியப்பைத் தருவதற்குக் காரணம், நாணயம் என்பது காற்றில் கரையாத பொருள் என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருப்பதுதான். உலகம் ஒத்துழைக்க மறுக்கிறது. மறுக்கிற உலகத்தில் ஒன்று நடந்துவிடுகிறது. அதனால் அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். ஓவியர் வரையும் கட்டத்திலோ மறுப்பதற்கு எதுவுமே இல்லை. முதல் கட்டத்தில் கையில் நாணயம் இருக்கிறது, அடுத்த கட்டத்தில் இல்லை. அது கைத்திறனால் மறைந்ததா, மந்திரத்தால் மறைந்ததா, ஓவியர் வரைய மறந்துவிட்டாரா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. நான் ஆண்டுக்கணக்கில் கண்ணாடி முன் நின்று பழகிய ஓர் அசைவுக்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. ஆகவே மேடை வித்தைக்காரரைச் சித்திரக்கதைக்குள் கொண்டுவருகிற எழுத்தாளருக்கு முன்னால் இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வித்தையின் ரகசியத்தையும் விளக்கிக்கொண்டே போகலாம்; அப்போது கதை பாடப்புத்தகம் ஆகிவிடும். இல்லையென்றால் அவருக்கு மெய்யான சக்தியைக் கொடுத்துவிடலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததைக் கவனக்குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஊடகம் அவர்களை அங்கேதான் கொண்டு நிறுத்தியது.

சக்தியைக் கொடுத்தவுடன் அடுத்த சிக்கல் எழுகிறது: எல்லாம் முடிந்தவனுக்குக் கதை ஏது? மாண்ட்ரேக்கின் வரலாறு முழுவதும் இந்தச் சிக்கலோடு நடந்த போராட்டம்தான். தொடக்கக் கதைகளில் அவர் செய்பவை அப்பட்டமான மந்திரங்கள். இமயமலையில் உள்ள மாயக் கல்லூரியில் தெரோன் என்ற குருவிடம் பயின்றவர் என்ற பின்னணியும் உண்டு. ஆனால் நாளடைவில் அவருடைய சக்தி ஹிப்னாடிசமாகச் சுருக்கப்பட்டது. மாண்ட்ரேக் கையசைக்கிறார், உடனே கொள்ளைக்காரனின் துப்பாக்கி பாம்பாகிறது. பிறகு அது பாம்பாகத் தெரிந்ததே தவிர ஆகவில்லை என்று நமக்குச் சொல்லப்படுகிறது. மேடை ஹிப்னாடிசத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும்: அது இப்படி நடப்பதே இல்லை. அங்கே முன்வருபவர்கள் தாமாக முன்வந்தவர்கள். அவர்களிலும் எளிதாக வசப்படுகிறவர்களை மட்டும் சில சிறு சோதனைகளால் பொறுக்கியெடுத்து, மற்றவர்களை நன்றி கூறி இருக்கைக்கு அனுப்பிவிடுவார்கள். விருப்பமில்லாத ஐந்து ஆயுததாரிகளை ஒரே கையசைப்பில் வசப்படுத்துவது, துப்பாக்கியை உண்மையாகவே பாம்பாக்குவதற்குச் சற்றும் குறைந்த மந்திரம் அல்ல. எனவே மாண்ட்ரேக்கிற்கு இருப்பது மந்திரமா மனோவசியமா என்று யாராவது என்னிடம் கேட்டால், பெயர்தான் மாறியது, சக்தி மாறவில்லை என்பதே என் பதில். ஆயினும் அந்தப் பெயர் மாற்றம் கதைக்கு உதவியது. பார்ப்பவரின் கண்ணையும் மனத்தையும் சார்ந்திருக்கிற ஒரு சக்தி, பார்வையாளர் இல்லாத இடத்தில் தோற்றுப்போகும். இயந்திரத்தையோ இடிந்து விழும் சுவரையோ வசியம் செய்ய முடியாது. அங்கே அவருடைய துணைவரான லோதரின் தோள்வலிமை தேவைப்படும். (லோதரைச் சிறுத்தைத் தோலும் திருத்தமற்ற பேச்சுமாகக் காட்டிய ஆரம்பகாலச் சித்திரங்கள் இன்று படிக்கும்போது உறுத்துகின்றன, ஃபிரெடரிக்ஸ் வந்த பிறகு அது மாறியது. மாறியதில் எனக்கு உண்மையான நிம்மதி.)

கார்டினீர் கண்டுபிடித்த கட்டுப்பாடு வேறு வகையானது; அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஸடாரா தம் ஆணைகளை ஆங்கிலத்தில் பின்னிருந்து முன்னாகச் சொல்வார், சொன்னது நடக்கும். மேடையில் இப்படிச் செய்தால் கேட்பவருக்கு வெறும் உளறலாகவே தோன்றும். காகிதத்திலோ, வாசகர் அந்தப் பேச்சுக்குமிழில் ஒரு கணம் நின்று, கடைசி எழுத்திலிருந்து திரும்பிப் படித்து, என்ன ஆணை பிறந்தது என்று தாமே கண்டுபிடித்து, அடுத்த கட்டத்தில் அது நிறைவேறுவதைப் பார்க்கிறார். மேடையில் நாங்கள் மறைக்கிற சூட்சுமத்தை அவர் திறந்து வைத்துவிட்டார். வாசகருக்கு அதில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டார். படத்தில் அழிந்துபோன அந்த ஒரு கண நேரத் தடையை எழுத்தில் மீட்டுக் கொண்டுவந்த உத்தி இது. வாயைக் கட்டிவிட்டால் மந்திரவாதியைச் செயலிழக்கச் செய்துவிடலாம் என்ற பலவீனமும் இதிலிருந்தே வருகிறது. தந்தை, மகள் இருவர் கதைகளிலும் வில்லன்கள் துணியைத் தேடிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த உத்தியைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஒரு சுவையான வேறுபாடு தெரிகிறது. ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்துகளாக நிற்பதால், திருப்பிப்போட்டாலும் ஒருவாறு உச்சரிக்கக்கூடிய சொல் கிடைத்துவிடும். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து. 'கதவே திற' என்பதைத் திருப்பினால் 'றதி வேதக' என்று வரும். றகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், கேட்ட மாத்திரத்திலேயே இது மனிதர் பேசும் பேச்சு இல்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 'நில்' என்பதைத் திருப்பினால் மெய்யெழுத்து முதலில் வந்து நின்று நாக்கே தடுக்கிறது. மறுபுறம், 'விகடகவி' போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக இருக்கும் சொற்களை வைத்து மாலைமாற்று என்று செய்யுள் வகையே வளர்த்த மொழி இது. ஸடாரா தமிழில் மந்திரம் சொல்பவராக இருந்தால், திருப்பினாலும் மாறாத ஆணைகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருப்பார், எதிரிக்குச் சந்தேகமே வராமல் அவற்றைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார் என்று நான் கற்பனை செய்வதுண்டு.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அதற்கு மிக நேரடியான பதில் சார்கனின் கதையில் இருக்கிறது. அவரிடம் உயிர் மாணிக்கம் என்ற கல் உண்டு. அதைத் தொட்ட பொருள் அவர் கட்டளைக்கு அடங்கும். அதை வைத்திருப்பவர் மேடை வித்தைக்காரராக வாழ்வதற்குக் காரணம், உலகம் தம் சக்தியை வித்தை என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. மற்ற நாயகர்கள் முகமூடி அணிந்து முகத்தை மறைத்தார்கள். இவர் சக்தியை மறைத்தார். தெருவில் ஒரு வண்டி காற்றில் எழும்பினாலும், "அவர் மேடைக்காரர், ஏதோ கம்பி கட்டியிருப்பார்" என்று ஊர் சொல்லிவிடும். உண்மையை மறைக்க மேடையைவிட நல்ல இடம் இல்லை என்ற இந்த எண்ணம் எனக்கு முற்றிலும் நம்பத்தக்கதாகப் படுகிறது. ஏனென்றால் இதன் மறுபக்கம் வரலாற்றில் நடந்திருக்கிறது.

பாரிஸில் 1845இல் தம் அரங்கைத் திறந்த ரோபேர் ஊடான், வித்தைக்காரன் என்பவன் மந்திரவாதி வேடமேற்கும் நடிகன் என்று எழுதியவர். அவரை 1856இல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது; அங்கிருந்த மராபுத்துகள் எனப்படும் சமயத் தலைவர்களின் அற்புதங்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் சக்தி பெரியது என்று மக்களை நம்பவைப்பது நோக்கம். மேடைக்கு அடியில் மின்காந்தத்தை வைத்து, ஒரு சிறு பெட்டியை வலிமைமிக்க ஒருவரால்கூடத் தூக்க முடியாதபடி செய்து காட்டினார். அவருடைய சொந்த வாக்கின்படி அது நடிப்பு. ஆனால் அன்று அது மெய்யான மந்திரமாக, அதுவும் ஓர் ஆட்சியின் ஆயுதமாகப் பயன்பட்டது. அவருடைய கைத்திறனின்மீது எனக்குள்ள மரியாதை மிகப் பெரிது. அந்த ஒரு பயணத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை.

இன்னொரு சான்று ஹூடினியும், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களின் தந்திரங்களை ஹூடினி 1920களில் ஊர் ஊராகப் போய் அம்பலப்படுத்தினார். டாயிலோ ஆவியுலகை முழுமையாக நம்பியவர். நண்பர்களாக இருந்த இருவரும் இதனாலேயே பிரிந்தார்கள். ஹூடினி தாம் செய்பவை யாவும் உடலாலும் கருவியாலும் செய்யப்படுபவை என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வெளியான தம் நூலில், ஹூடினிக்கு அமானுஷ்ய சக்தி இருந்தது, அதை அவர் வித்தை என்ற பெயரில் மறைத்தார் என்று டாயில் வாதிட்டார். அதாவது, சார்கன் என்ற கற்பனைப் பாத்திரம் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, ஓர் உண்மை மனிதர் மீது அதே கதை சுமத்தப்பட்டிருந்தது.

இதை நான் வெறும் வரலாறாகப் படிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பார்வையாளர் மனத்தில் நினைத்த பெயரை மூடிய உறையிலிருந்து எடுத்துக் காட்டும் வித்தையைச் செய்து முடித்தேன். அரங்கு காலியான பிறகு ஒருவர் காத்திருந்து என்னிடம் வந்தார். தம் அண்ணனோடு நெடுங்காலமாகப் பேச்சு இல்லை என்றும், அவர் மனத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். அது வித்தை என்றேன், அவர் சிரித்தார். எங்கள் தொழிலில் செய்யக் கூடாததைச் செய்து, அந்த உறையைப் பிரித்து எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்ல விருப்பமில்லை என்றால் விடுங்கள், இப்படிக் கதை கட்ட வேண்டாம்" என்று வருத்தத்தோடு போய்விட்டார். அன்று முதல் அந்த வித்தையைத் தொடங்கும் முன்பே இது வித்தை என்று சொல்லிவிடுகிறேன். நம்புவதென்று முடிவு செய்துவிட்டவரிடம் மறுப்பும் சான்றாக மாறிவிடும் என்பதை அந்த மனிதரிடம்தான் நான் கற்றேன்.

சார்கனும் ஸடாராவும் 1986இல் ஆலன் மூர் எழுதிய ஸ்வாம்ப் திங் என்ற சித்திரக்கதைத் தொடரின் 50ஆம் இதழில் இறந்தார்கள். அவர்கள் இறந்த சூழல், ஆவிகளை அழைப்பவர்கள் கைகோத்து அமரும் அந்த வட்ட மேசை; ஹூடினி வாழ்நாளெல்லாம் எதிர்த்த அதே மேசை. வட்டம் உடையக் கூடாது என்பதற்காகக் கையை விடாமல் சார்கன் எரிந்துபோகிறார். பிறகு மகளைத் தாக்கவிருந்த நெருப்பைத் தம்மேல் வாங்கிக்கொண்டு ஸடாரா மடிகிறார். மேடையின் பாதுகாப்பு இல்லாத இடத்தில் இந்த மனிதர்களின் மந்திரத்துக்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை.

ஸடானாவைப் பொறுத்தவரை காரணம் மறைவு அல்ல. அவர் சூப்பர்ஹீரோக்களின் குழுவான நீதிக்கழகத்தின் (ஜஸ்டிஸ் லீக்) உறுப்பினர். அவருடைய சக்தி உலகறிந்தது. ஆனாலும் மேடையேறுகிறார். மேடையில் அவர் செய்வது கைத்திறனா மந்திரமா என்பது எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறுகிறது. 1993இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில் அவர் மந்திரமே அறியாத மேடைக் கலைஞர்தான். பேட்மேனுக்குத் தப்பிக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தவரின் மகளாக வருகிறார். 2010இல் பால் டினி எழுதிய தனித்தொடரிலோ இரண்டும் கலந்து நிற்கின்றன. ஆகவே இதில் ஒற்றை விடை என்று எதையும் நான் கூற மாட்டேன். ஆனால் 2004இல் வெளியான ஐடென்டிட்டி கிரைசிஸ் கதையில் வரும் ஒரு செய்தியை இதனருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதில் ஸடானா தம் கூட்டாளிகளின் சொற்படி ஒரு குற்றவாளியின் மனத்தை மாற்றியமைக்கிறார். அதைப் பார்த்துவிட்ட பேட்மேனின் நினைவையும் அழிக்கிறார். அவர்கள் இருவரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரோ, ஏமாறுவதற்குத் தாமே ஒப்புக்கொண்டு, விளக்கு அணையும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, விளக்கு எரிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற உறுதியோடு வந்தவர். அந்த இரண்டு மணி நேரமும் அவருக்கும் மேடையில் நிற்பவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மற்றவர் மனத்தைச் சொல்லால் மாற்றிவிடக்கூடிய ஒருவருக்கு, தம் திறமையை யாருடைய ஒப்புதலையும் மீறாமல் முழு மகிழ்ச்சியோடு பயன்படுத்தக்கூடிய இடம் மேடை ஒன்றுதான். அவர் ஏன் அங்கே திரும்பத் திரும்பப் போகிறார் என்று நீங்கள் கேட்டால், ஒரு வித்தைக்காரனாக நான் தரும் பதில் அதுதான்.